மாஸ்டரின் முதுகுக்குப் பின்னால்

“மூணாவது தடவையா பொண்ணு கல்யாணத்தத் தள்ளி வெக்கச் சொல்றீங்களே, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன உங்க குரூப் டான்ஸரா, ஒன் மோர்னதும் திரும்ப வந்து நிக்க?” என்று மேல்வீட்டில் அக்கா, அதாவது மாஸ்டரின் மனைவி, கத்தியபோது நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை. ஜன்னலை மட்டும் கொஞ்சம் அகலமாகத் திறந்துவைத்தேன். நெடி வெளியே போக வேண்டாமா?

“இந்தப் படம் முடியட்டும்டி,” என்றார் மாஸ்டர்.

“போன படத்தோடயே எல்லாம் முடிஞ்சுபோச்சு. உங்களுக்குத்தான் இன்னும் சேதி வரல.”

அக்கா சொன்னதில் தப்பில்லை. டான்ஸ் மாஸ்டராக இருந்தவரை இரண்டு மொழிப் படக்காரர்களும் அவர் வாசலில் தவம் கிடந்தார்கள். பிறகு டைரக்டர் ஆனார். பக்கத்து மொழியில் எடுத்த முதல் படம் ஓடு ஓடென்று ஓடியது. நம் மொழியில் எடுத்த இரண்டாவது படத்தில் பார்க்க வந்தவர்கள் ஓடினார்கள். அழுகைக் காட்சிக்கும் “ஃபைவ், சிக்ஸ், செவன், எய்ட்” சொல்வார். கதாநாயகி எட்டில் கண்ணீர் விட வேண்டும். அந்தப் பெண் ஏழிலேயே விட்டுவிட்டுத் திட்டு வாங்கி, அப்புறம் நிஜமாகவே அழும்.

நான் அவருடைய அசிஸ்டென்ட். யூனிட்டில் என் பெயர் நிழல். “நிழல் வந்தாச்சு, ஆள் எங்கப்பா?” என்று லைட்காரர்கள் கிண்டலடிப்பார்கள். எனக்குக் கோபம் வந்ததில்லை. கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாதவளுக்கு ஏதோ ஒரு உறவுமுறை வேண்டுமே.

டைரக்டர் ஆன பிறகும் மாஸ்டர் ஸ்டெப்பைத் தானே ஆடிக்காட்டாமல் விடமாட்டார். நடிகர்களைப் பார்த்தபடியே பின்னால் நகர்வார். திரும்பிப் பார்க்கவே மாட்டார். மேடை விளிம்பில் நான் நிற்பேன். என் உள்ளங்கை முதுகில் பட்டதும் நிற்பார். வேறு யார் கை பட்டாலும் கண்டுபிடித்துச் சிடுசிடுப்பார்.

மூன்றாவது படத்துக்கு நான்தான் டான்ஸ் மாஸ்டர் என்று சொல்லியிருந்தார். என் தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். ஹீரோ வேறொரு பையனைக் கேட்டார்.

“நீ நம்ம வீட்டுப் பொண்ணும்மா, உனக்குப் புரியும்,” என்றார் மாஸ்டர். “இந்தப் படத்தோட நீயும் வீட்ல ரெஸ்ட் எடு.”

எனக்கு அதில் துளி வருத்தமில்லை. இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

என் கவலையெல்லாம் அந்தக் கல்யாணம்தான். என் மடியில் வளர்ந்த பெண். அக்கா அழுவதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. மாஸ்டர் கொஞ்ச நாள் காலில் கட்டோடு வீட்டில் கிடந்தால் ஷூட்டிங் தள்ளிப்போகும், கல்யாணம் நடக்கும். யோசித்துப் பார்த்தால் நீங்களும் இதையேதான் சொல்வீர்கள்.

செட்டில் ஆளுயர மேடை போட்டிருந்தார்கள். கீழே மெத்தை போடவில்லை. போடச் சொல்ல வேண்டியவள் நான்தான், சொல்லவில்லை. மாஸ்டர் ஆடியபடி பின்னால் வந்தார். நான் தள்ளவில்லை. அத்தனை பேர் பார்த்தார்கள், யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். கையைத் தூக்கவில்லை, அவ்வளவுதான். விளிம்பில் அவர் ஒரு கணம் தயங்கினார், என் கைக்காக.

“இன்னும் இடம் இருக்கு மாஸ்டர்,” என்றேன்.

கால்தான் பிசகும் என்று நினைத்தேன். அவர் விழுந்த விதம் சரியில்லை. முதுகெலும்பு போயிற்று, தலையிலும் அடி. இடுப்புக்குக் கீழே அசைவில்லை, கை பேனா பிடிக்காது, பேச்சு குழறிவிட்டது. படத்தை அந்தப் பையனே எடுத்து முடித்தான். நன்றாகவே ஓடியது, சொல்லக்கூடாது.

கல்யாணம் குறித்த தேதியில் நடந்தது. மாஸ்டரைச் சக்கர நாற்காலியில் முன்வரிசையில் உட்காரவைத்தோம். வந்தவர்கள் எல்லாரும் என்னைத்தான் புகழ்ந்தார்கள்: “கூடப் பொறந்தவகூட இப்படிப் பாக்கமாட்டா.”

பிறகு மகள் புருஷனோடு வெளிநாடு போனாள். அவள் பிரசவத்துக்கு அக்காவும் கிளம்பினாள். புறப்படும்போது மாஸ்டர் அக்காவின் சேலையைப் பிடித்துக்கொண்டு எதையோ திரும்பத் திரும்பச் சொன்னார். வாய் கோணி, எச்சில் வழிந்தது. அவர் பேச்சு இப்போது என்னைத் தவிர யாருக்கும் புரிவதில்லை.

“என்னடி சொல்றாரு?” என்றாள் அக்கா.

“நிம்மதியா போயிட்டு வா, இவ பாத்துக்குவாங்கறாரு.”

அவர் சொன்னது, ‘இவ வேண்டாம்.’ நோயாளி வாயில் வருவதையெல்லாம் பொருட்படுத்தினால் முடியுமா? அவர் மனது எனக்குத் தெரியாதா?

சேலையிலிருந்து அவர் விரல்களை நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அக்கா இன்னும் திரும்பி வரவில்லை; பேரக்குழந்தையை விட்டு வர யாருக்கு மனம் வரும்? அதே வாரம் கீழ்வீட்டைக் காலிசெய்துவிட்டு நான் மேலே குடிவந்தேன். மாஸ்டர் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, எனக்குப் புரிகிற மாதிரி.