படத்துச் சங்கிலி

தம்பி: எங்கம்மா படத்தை வரைஞ்சது நீங்கதானே? கீழ உங்க கையெழுத்து இருக்கு.

ஓவியர்: அது ஆச்சே எத்தனையோ வருசம்... ஏன் தம்பி, சாயம் உதிருதா?

தம்பி: சாயம் நல்லாத்தான் இருக்கு. கழுத்துல போட்டிருக்காங்களே, அந்த அகலச் சங்கிலியத்தான் காணோம்.

ஓவியர்: படத்துலேர்ந்தா?

தம்பி: நக்கலா? வீட்டுலேர்ந்து. அப்பா போனப்புறம் பீரோவை ஒதுக்கினோம். அது மட்டும் கிடைக்கல.

ஓவியர்: ஓ...

தம்பி: என்ன 'ஓ'?

ஓவியர்: அது நான் போட்டது. போட்டோல கிடையாது. அதோ, ஒரு படம் காயவச்சிருக்கேனே, அந்தம்மா கழுத்தைப் பாருங்க. அதே சங்கிலிதான்.

தம்பி: கதை விடாதீங்க. அதைப் புடிச்சு இழுத்து வெளையாடினது எனக்கு ஞாபகம் இருக்கு.

ஓவியர்: அம்மா தவறினப்ப உங்களுக்கு என்ன வயசு?

தம்பி: ...மூணு. சரி, போட்டோவைக் காட்டுங்க.

ஓவியர்: உங்கக்கா அப்பவே வாங்கிட்டுப் போயிடுச்சே. யூனிஃபார்மோட வந்து நின்னுச்சு, பாவம்.

தம்பி: போட்டோ தொலைஞ்சுபோச்சுன்னுல்ல அப்பாகிட்ட சொன்னா! இப்படிப் பேசச் சொல்லி அவதான் உங்களுக்குச் சொல்லிக்குடுத்தாளா?

ஓவியர்: அந்தப் புள்ளைய ஏன் இழுக்கறீங்க?

தம்பி: புள்ளையா? நேத்து மாமா முன்னாடியே அவ பெட்டியைக் கவுத்துக் கொட்டிட்டேன். சங்கிலி வரலைன்னா எனக்கு அக்காவே இல்லன்னுட்டேன்.

ஓவியர்: ஐயையோ... போட்டோவைப் பெருசு பண்ணி வரையும்போதுதான் நானே அதைப் பாத்து...

தம்பி: எதை?

ஓவியர்: விடுங்க. அவங்களையே கேளுங்க.

*

அக்கா: விடிஞ்சும் விடியாம வந்து நிக்கிற. இன்னும் எந்தப் பெட்டிடா பாக்கி?

தம்பி: அம்மா போட்டோவை எடு.

அக்கா: ...அவரு சொல்லிட்டாரா?

தம்பி: பாதியில முழுங்கிட்டாரு. ரெண்டு பேரும் சேந்து என்ன மறைக்கறீங்க?

அக்கா: வேணாம்டா. அப்பா படத்தையும் பக்கத்துலயே மாட்டப்போறேன்னு சொன்னியே... மாட்டிக்க. சங்கிலிய நான்தான் எடுத்தேன்னே வச்சுக்க.

தம்பி: எடுன்னா எடு!

அக்கா: இந்தா. ஜன்னல்கிட்ட போய்ப் பாரு.

தம்பி: சங்கிலி... இல்ல. கழுத்துல என்ன இது? கறையா?

அக்கா: அப்பாவோட விரலு, நெரிச்ச தடம். அடையாள அட்டைக்கு போட்டோ எடுக்க மறுநாள்தான் வரச் சொல்லியிருந்தாங்க. அதான் படம் வரையறவர்கிட்ட, அகலமா ஒரு சங்கிலி போடுங்கன்னு கேட்டேன்.