ஜிப்பு வைத்த பர்ஸ்

முள்ளுக்குறிச்சியைத் தாண்டிப் பேருந்து மலையேறத் தொடங்கியபோது முன்சீட்டில் ஒரு குரல் கேட்டது.

"எங்கூடச் சண்டைக்கு வந்தவளுக்குத்தானுங்க இந்தப் பர்ஸு."

சொன்னவளின் மடியில் மூன்று வயதுப் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். கேட்டுக்கொண்டிருந்தவர், ஆபீஸ் பையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்.

"சண்டைக்கு வந்தவங்களுக்கா?"

"ஆமாங்க, பக்கத்து ஊட்டுக்காரி. இவன் வாந்தியா எடுத்துட்டுக் கெடந்தான். பலாச்சுளை சேரலையாட்ட இருக்குதுன்னு நான் சுக்குத்தண்ணி குடுத்துட்டு இருந்தேன். அப்பத்தான் அவ வாசல்ல வந்து நின்னு, 'உம்பையன் என் பர்ஸைப் பிச்சு, மூடியில இருந்த ரெண்டு காந்தத்தையும் எடுத்துட்டான்'னு கத்துனா. எங்கடா சாமின்னு கேட்டா, இவன் வாயைத் தொறந்து காட்டறானுங்க."

"ஐயையோ! முழுங்கிட்டானா?"

"பொட்டு அளவுதானுங்க இருக்கும். ரெண்டும் உள்ளுக்குள்ள ஒண்ணையொண்ணு இழுத்துப் புடிச்சு, நடுவுல குடலை நசுக்கிருச்சு. இன்னும் விட்டிருந்தா ஓட்டையே விழுந்திருக்கும்னு டாக்டர் சொன்னாருங்க. ஆபரேசன் பண்ணித்தான் எடுத்தாங்க. அவ அன்னைக்கு வந்து கத்தலைன்னா, நான் இன்னும் சுக்குத்தண்ணிதான் காச்சிட்டு இருந்திருப்பேன்."

பர்ஸைத் திறந்து மூடிக் காட்டினாள்.

"காந்தமே வேண்டாமுன்னு ஜிப்பு வச்சதாப் பாத்து வாங்கினேன்."

"அப்ப இனிமே சண்டை இல்லை."

"எங்கீங்க! இந்தக் கலரு புடிக்கலைன்னு நாளைக்கே வருவா பாருங்க."

பையனின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"வரட்டுமுங்க. எப்ப வேணாலும் வந்து கத்தட்டும்."