கத்துறது என் வயிறு

...இல்ல, நான் தெரியாமத்தான் கேக்குறேன், ஒரு லிஃப்ட்டுக்கு என்ன பெரிய வேலை? ஏறணும், இறங்கணும். அதைக்கூட உருப்படியா செய்யாம பாதியில நின்னா என்ன அர்த்தம்? பாருங்க, கிராதிக்கு அந்தப் பக்கம் வெறும் செவுரு. ஒண்ணாவது மாடியும் இல்ல, ரெண்டாவது மாடியும் இல்ல, ரெண்டுங்கெட்டான் இடம். அந்த மெத்தையைக் கொஞ்சம் அப்படி சாய்ச்சுப் பிடிங்க தம்பி, மூச்சு முட்டுது. ஐயோ, கீழ வைக்காதீங்க, பை இருக்கு, பை! பையில ஒண்ணும் இல்ல. வெங்காயம்.

நீங்கதான மூணாவது மாடிக்குப் புதுசா குடி வந்திருக்கிற தம்பி? தெரியும் தெரியும். காலையிலேர்ந்து நீங்க சாமான் ஏத்துறதை நாலாவது மாடி எங்க வீட்டு ஜன்னல்லேர்ந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன். ஒரே ஒரு நாற்காலி, ஒரு மெத்தை, பெட்டி பெட்டியா புஸ்தகம். அமைதியான ஆளுன்னு அப்பவே நெனச்சேன். நல்லது. இந்தக் கட்டடத்துல எல்லாரும் பேசுறவங்கதான், கேக்குறதுக்குத்தான் ஆளே கிடையாது.

நான் யாருன்னு சொல்லலையே. நான்தான் பூனைக் கமிட்டித் தலைவி. சிரிக்காதீங்க, நிஜமாவே கமிட்டி இருக்கு. மூணு பேர். நான், உங்க எதிர் வீட்டு வக்கீல், அப்புறம் அஞ்சாவது மாடி பல் டாக்டர். பேருதான் கமிட்டி, வேலை பூரா என் தலையில. வாசல்ல ஒரு பழுப்புப் பூனை மிடுக்கா உக்காந்திருந்துதே, பாத்தீங்களா? அதான் கலெக்டர். தினமும் காலையில மாடி மாடியா ஏறி, ஒவ்வொரு வீட்டு வாசலையும் மோந்து பாத்துட்டு இறங்கும். குப்பைக் கூடையை வெளிய வெச்சிருந்தா அங்கயே நின்னு முறைக்கும். அது இடது காதுல நுனி கொஞ்சம் இருக்காது. யாரும் கடிக்கல. குட்டி போடாம இருக்க ஆபரேஷன் ஆனதுக்கு அடையாளமா ஆஸ்பத்திரியில வெட்டி விடுவாங்க, மறுபடி பிடிச்சிட்டுப் போகக் கூடாதில்ல? அதைக் கூண்டுல பிடிக்க நான் பட்ட பாடு இருக்கே! கூண்டுக்குள்ள மீனை வெச்சு எப்படி உள்ள போகணும்னு அதுக்குக் காட்டப் போயி, கதவு என் மேலயே விழுந்துடுச்சு. முழுசா இல்ல, தலையும் ஒரு கையும்தான் உள்ள. கலெக்டர் வெளிய உக்காந்து என்னைப் பாக்குது. அந்த நேரம் பாத்துதான் பல் டாக்டர் வந்தார். ஒரு கை கொடுப்பாரோன்னு பாத்தா, போட்டோ எடுத்தார்.

அவரைப் பத்திப் பேசாதீங்க. நீங்க பேசல, சரி, நானும் பேசல. ஒரு கிழட்டு ஆண் பூனைக்குப் பல் வலி தம்பி. கொஞ்சம் பாருங்களேன்னு தூக்கிட்டுப் போனேன். இந்த நாற்காலி மனுஷங்களுக்குங்கறார். ஏன், பூனை உக்காந்தா உடைஞ்சிடுமா? எச்சில் துப்பக் கிண்ணம்கூடக் கேக்காது!

...என்ன சத்தம்? எனக்கு ஒண்ணும் கேக்கலையே. ஓ, அதுவா... அது என் வயிறு. ஆமா, காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. எனக்குப் பசிச்சா அப்படித்தான், மெல்லிசா கத்தும். எங்க குடும்பத்துல எல்லாருக்கும் அப்படித்தான்.

வாச்மேன்! ஏம்பா வாச்மேன்! லிஃப்ட் நின்னு போச்சு! ...என்னது? மெயினை நீதான் அணைச்சியா? ஏன்? ...என்னது, பூனை சத்தமா?

கேட்டீங்களா தம்பி? இந்த மனுஷனுக்குக் காது மட்டும் நல்லா கேக்கும். சம்பளம் கூட்டிக் கேக்கும்போது நாம சொல்ற பதில்தான் கேக்காது.

அது ஒரு பெரிய கதை. ஆபரேஷனுக்கு முன்னால கலெக்டர் கடைசியா குட்டி போட்டது எங்கன்னு நெனைக்கிறீங்க? இதோ நம்ம காலுக்குக் கீழ, லிஃப்ட் வந்து உக்காருற பள்ளத்துல. கதகதன்னு இருக்குமாம். நாங்க கார் நிறுத்துற இடத்துக்குப் பின்னால அட்டைப் பெட்டி, பழைய போர்வை, தண்ணிக் கிண்ணம் எல்லாம் வெச்சிருக்கோம். அதெல்லாம் அதுக்குப் பிடிக்கல. ஒரு நாள் நான் லிஃப்ட்ல இறங்குறேன், அடியிலேர்ந்து குட்டிங்க கத்துது. லிஃப்ட்டோ நிக்காம இறங்குது. என் உயிரே என்கிட்ட இல்ல தம்பி. ஒண்ணும் ஆகல, எல்லாம் ஓரமா ஒட்டிக்கிட்டு இருந்துது. அப்பவே வாச்மேனைக் கூப்பிட்டு சொல்லிட்டேன். லிஃப்ட்டுப் பக்கம் பூனை சத்தம் கேட்டா உடனே மெயினை அணை. சத்தம் நின்னப்புறம்தான் போடு. திருப்பித் திருப்பி ஒப்பிக்க வெச்சேன். தூக்கத்துல கேட்டாலும் சொல்வான்.

வாச்மேன்! பள்ளத்துல ஒண்ணும் இல்லப்பா, நான் பாத்துட்டேன்! போடு! ...நான்தான்யா சொல்றேன், தலைவி! ...என்னது? அட, அதை இப்ப எதுக்கு சொல்ற?

...ஒண்ணும் இல்ல தம்பி. நானே வந்து சொன்னாலும் போடாதேன்னு நான் சொல்லியிருக்கேனாம். சொன்னேன்தான். எதுக்கு சொன்னேன்? ஒரு நாள் பூனை சத்தத்துக்கு இவன் மெயினை அணைச்சிருந்தப்ப, அந்தப் பல் டாக்டர் அவசரமா வெளிய போறதுக்காக என் குரல்ல பேசியிருக்கார். அஞ்சாவது மாடியிலேர்ந்து "ஏம்பா வாச்மேன்"னு நான் இழுக்குற மாதிரியே இழுத்தாராம். இவனும் போட்டுட்டான். அதனாலதான், என் குரல் கேட்டாலும் நம்பாதேன்னேன். இப்ப பாருங்க, நானே பேசினாலும் என் குரலை நம்ப மாட்டேங்கிறான்!

ஏன் பையையே பாக்குறீங்க? வெங்காயம் அசையாதா? உருண்டையா இருந்தா எதுவும் அசையும்.

...சரி. சரி, பாத்துட்டீங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க. வெங்காயம் இல்ல.

குட்டிங்கள்ல இதான் கடைசி. எவ்வளவு சின்னது பாருங்க, என் உள்ளங்கையில உக்காரும். மத்த ரெண்டும் தட்டுல இதைத் தள்ளிட்டுத் தின்னுடும். அதோட, இந்த இடது கண்ணைப் பாத்தீங்களா, சீழ் வெச்சு ஒட்டிக்கிச்சு. மிருக டாக்டர் சொட்டு மருந்து கொடுத்திருக்கார். வெதுவெதுப்பான தண்ணியில பஞ்சை நனைச்சு, மெதுவா துடைச்சு, வேளா வேளைக்கு ஒரு சொட்டு. கவனிக்காம விட்டா கண்ணே போயிடுமாம். கார் நிறுத்துற இடத்துல புழுதியில உக்காந்து எப்படிப் போடுறது? அதான் எங்க வீட்டுக்குக் கொண்டு போறேன். வேற வழி?

இதுல என்ன ஒளிச்சு மறைச்சுன்னு கேக்குறீங்க. கேக்கலையா? கேளுங்க, நான் சொல்றேன். அந்த வக்கீல் இருக்காரே, அவர்தான் பூனைகளை எல்லாம் வண்டியில ஏத்தி எங்கயாவது விட்டுடணும்னு ஒத்தைக் கால்ல நின்னவர். வாடகை ஒப்பந்தம் இல்லாம பூனை எப்படிக் குடியிருக்கலாம்னு மீட்டிங்ல கேட்டார்! வாதாடி வாதாடி, கடைசியில கார் இடத்துக்குப் பின்னால சோறு வைக்க மட்டும் ஒத்துக்கிட்டார். ஆனா ஒரு பூனையும் வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னார். அப்ப நான் வாயை வெச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கணுமில்ல? எழுந்து நின்னு, "யாராவது ஒருத்தர் ஒரு பூனையை வீட்டுக்குள்ள சேர்த்தாலும், நானே சோத்துத் தட்டை எல்லாம் தூக்கிடுறேன்"னு சொல்லிட்டேன். எல்லாரும் கை தட்டினாங்க. எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. இப்ப இதோட நான் மாட்டினா, கலெக்டர்லேர்ந்து கிழட்டுப் பூனை வரைக்கும் அத்தனையும் பட்டினி. என் வாயாலதான்.

கண்ணுக்காக மட்டும்தான் கொண்டு போறேன்னு சொன்னா, அது முழு உண்மை இல்ல தம்பி. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல வேலை பாத்தவ. வேலை பாத்த காலம் பூரா காதுல கருவியை மாட்டிக்கிட்டு, "லைன்ல இருங்க"ன்னு சொன்னதுதான் என் பேச்சு. ஊரே பேசிச்சு, நான் இணைப்புக் கொடுத்தேன். ரிட்டயர் ஆனதும் வீட்டுல உக்காந்து ஆசை தீரப் பேசலாம்னு பாத்தா, எங்க வீட்டுக்காரர் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரா வெச்சிக்கிறார். பேப்பர் இல்லாத அன்னைக்குப் பழைய பேப்பர். இந்தக் குட்டி அப்படி இல்ல. நான் பேசினா மூஞ்சியைத் தூக்கிப் பாக்கும், அந்த ஒத்தைக் கண்ணால. நடுவுல ஒரு தடவை பதில்கூட சொல்லும். எனக்கு இதை விட்டுட்டு இருக்க முடியல. அவ்வளவுதான்.

...மறுபடி கத்துது. ஷ், கண்ணு, கத்தாதடா, நீ கத்தினா அவன் மெயினைப் போட மாட்டான். அவன் போடலைன்னா மருந்து நேரம் தப்பிடும். சொன்னாக் கேளு. ஏன்டா இப்படிக் கத்துற? நான்தான் பேசிக்கிட்டே இருக்கேனே!

என்ன தம்பி, வாய்ல விரலை வெச்சுக் காட்டுறீங்க? நான் பேசக் கூடாதா? நான் பேசினா அது பதிலுக்குக் கத்துதா?

...அட ஆமா.

நானே குட்டியைப் பையில போட்டேன், நானே பேசிக் கத்த வெச்சேன், கத்தினா மெயினை அணைன்னு நானே சொன்னேன், நானே சொன்னாலும் போடாதேன்னும் நானே சொன்னேன். இதுல வாச்மேனைத் திட்டினேன் பாருங்க! என் தலையில நானே... சரி சரி, விரலை இறக்குங்க. வாயை மூடிக்கிறேன்.

...

...

...ஒண்ணே ஒண்ணு மட்டும்...

...சரி.

...

ஓடுது! தம்பி, லிஃப்ட் ஓடு... ஷ். மன்னிச்சிடுங்க. ஷ்.

...பை ஏன் லேசா இருக்கு? ஐயோ, பையில காணோமே! எங்க... மெத்தைக்குள்ளயா? சுருட்டி வெச்சதுக்குள்ள போயிடுச்சா? வால் மட்டும் தெரியுது பாருங்க. இழுங்க, மெதுவா... வேணாம் வேணாம், மூணாவது மாடி வந்துடுச்சு, வெளிய வக்கீல் நிக்கிறார். நேரா நில்லுங்க. சிரிங்க.

வாங்க சார்! நல்லா இருக்கீங்களா? இல்ல, லிஃப்ட் சும்மா கொஞ்ச நேரம்... இவர்தான் உங்க எதிர் வீட்டுக்குப் புதுசா... ஆமா, மெத்தை. ...என்ன சத்தம் சார்? பூனையா? சேச்சே, தம்பியோட வயிறு சார். பாவம், காலையிலேர்ந்து சாமான் ஏத்தி ஒண்ணும் சாப்பிடல. சில பேருக்குப் பசிச்சா அப்படித்தான். நீங்க போங்க தம்பி... இல்ல, போகாதீங்க... மெத்தையைக் கொஞ்சம் என்கிட்ட கொடுங்க, நான் வெயில்ல போட்டுத் தரேன்... தம்பி! கதவைச் சாத்தாதீங்க! ...ஒண்ணும் இல்ல சார், புது மெத்தை, நல்ல மெத்தை, அதான் பாத்தேன். நீங்க ஏறுங்க சார், லிஃப்ட் உங்களுக்குத்தான். நான் படியில போறேன், முட்டிக்கு நல்லது. போயிட்டு வாங்க. ஆமா, தட்டு கழுவியாச்சு. ஆமா, ஒரு பூனையும் உள்ள வரல. போயிட்டு வாங்க சார்.

...தம்பி. தம்பி, நான்தான், கதவைத் திறங்க. வக்கீல் போயிட்டார்.

தம்பி, அது உள்ளதான இருக்கு? எடுத்துக் கொடுங்க, நான் போயிடுறேன்... அட, பேச மாட்டீங்களா? நீங்க நல்ல பையன்னு நெனச்சேனே. ஒரு வார்த்தைகூடப் பேசாம என் குட்டியை அடிச்சிக்கிட்டுப் போயிட்டீங்களே! பொதுப் பூனையை வீட்டுல சேர்க்கக் கூடாது, தெரியுமில்ல? கமிட்டியில சொல்லவா? ...எப்படிச் சொல்றது, சொன்னா தட்டைத் தூக்கணும். தம்பி, நான் அதட்டல, கெஞ்சிக் கேக்குறேன். தோ, கத்துது, எனக்கே கேக்குது! நான் பேசுறேன்னு பதில் சொல்லுது பாருங்க!

...என்னது? சத்தமா சொல்லுங்க. வயிறா? உங்க வயிறு கத்துதா? தம்பி, அது நான் சொன்ன பொய்!

...சரி, இருக்கட்டும். வயிறுன்னே வெச்சிக்குவோம். அந்த வயித்துக்கு இடது கண்ணுல சொட்டு மருந்து போடணும், மருந்து என்கிட்ட இருக்கு. கதவைத் திறங்க.