வாலில் கட்டிய முடிச்சு

உள்நாட்டுச் சண்டை முடிந்த மறு வருடம், வாவியைக் கடந்து கொக்கட்டிச்சோலைக்குப் போகும் பாதைப் படகில் இரண்டு மீனவர்கள் என் பக்கத்தில் நின்றார்கள்.

“எங்கட பூட்டன்ர தகப்பன் புடிச்ச மீன் இன்னும் லண்டன் மியூசியத்தில சாராயப் போத்தலுக்க கிடக்கு, மச்சான்,” என்றார் மூத்தவர். “மகள் கம்பியூட்டர்ல படம் எடுத்துத் தந்தவள். இந்தா.”

“மீன்ல கட்டின சீட்டுத் துண்டில வெள்ளைக்காரத் துரையிட பேரெல்லோ இரிக்கி?”

“புடிச்ச எங்கட ஆள் அந்தத் துரைக்கு அடிமை. அடிமையிட பேர ஆர் எழுதுற? வாலில துண்டக் கட்டியிருக்கிற முடிச்சப் பார்.”

இளையவர் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். பிறகு மூத்தவரின் தோளில் கிடந்த வலையைப் பார்த்தார்.

“உங்கட வீட்டு இடக்கை முடிச்சு. வேற ஒருத்தரும் இப்படிப் போடமாட்டாங்க.”

“சுனாமியோட எங்கட வீட்டில ஒரு படமும் மிஞ்சல்ல. அவர் கட்டின முடிச்சு இன்னும் அவிழல்ல, பார்.”