செடில் கயிறு

"அவளுக்கு ஒரு எழுத்தாவது குடுத்தாங்கள், ரீச்சர்."

அச்சுவேலி பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு ஆசிரியைகள். மூத்தவர் ஓர் ஆங்கில நாவலின் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். முறை தவறிப் பிள்ளை பெற்றவளின் நெஞ்சில், ஊரே கூடிச் சிவப்பு எழுத்தொன்றைத் தைக்கவைத்த கதை.

"என்ரை தங்கச்சிக்கு அதுவுமில்லை," என்றார் இளையவர். "ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. நல்லது கெட்டதுக்கு எங்கடை வீட்டை வந்து சொல்லுறதை மட்டும் நிப்பாட்டிச்சினம். கதையிலை அந்த ஆம்பிளை என்ன செய்யிறார்?"

"அவர் ஊர் மதிக்கிற போதகர். ஒளிச்சிருந்து தன்னைத்தானே வருத்துறார். கடைசியிலை எல்லாருக்கும் முன்னாலை ஒப்புக்கொண்டு சாகிறார்."

புத்தூர் தாண்டியதும் இளையவர் மூத்தவர் பக்கம் திரும்பினார்.

"எங்கடை கதையிலை வாற ஆள் ஒளிச்சிருந்து வருத்தேல்லை. வருசா வருசம் முதுகுத் தோலிலை செடில் கொக்கியள் குத்திக் காவடி எடுக்கிறார். என்ன பக்தியெண்டு சனம் காலிலை விழுகுது. இந்த முறை, அந்தக் கொக்கியளிலை கட்டின கயித்தைப் பின்னாலை பிடிச்சு இழுக்கத் தங்கச்சியின்ரை பொடியனைத்தான் கூப்பிட்டவர்."

"தகப்பன் எண்டு பொடியனுக்குத் தெரியுமோ?"

"தெரியாது. இன்னும் இழு, இன்னும் இழு எண்டு அவர் சொல்லச் சொல்ல இழுத்தவன்."