கொடி இருக்கும் வீடு

நீடாமங்கலத்தில் ரயில் நின்றிருந்தது. எனக்கு எதிரே இருவர் உட்கார்ந்திருந்தார்கள். இளையவர் மிராசுதார்கள் கிளப்பில் காபி கொடுப்பவர் என்பது பேச்சில் தெரிந்தது.

“இன்னைக்குக் கிளப்புல யாரும் சீட்டுக்கட்டத் தொடலண்ணே.”

“ஏன்?”

“கதவச் சாத்திக்கிட்டுப் பேசுனாங்க. வெள்ளைக்காரன் இருந்தப்ப, சுதந்திரம் வேணும்னு பேசுறதுக்குத்தான் அப்படிச் சாத்துவாங்களாம். எங்கப்பா வாசல்ல காவல் நிப்பாரு.”

“இப்ப எதுக்காம்?”

“நம்ம தெருவப் பத்தித்தான் பேச்சு. கூலி நெல்லு கூடக் கேக்குறோம்ல. காபி கொண்டு போனப்ப, சங்கக் கொடி யார் வீட்டுல இருக்குன்னு பெரிய மிராசுதாரு கேட்டாரு. அன்பாத்தான் கேட்டாரு. ஒக்காருப்பான்னு நாற்காலியக் காட்டுனாரு. இத்தன வருசத்துல நான் அங்க ஒக்காந்ததே இல்லண்ணே.”

“ஒக்காந்தியா?”

“ஒக்காந்தேன்.”

நான் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். வண்டி நகர்ந்தது.

“எங்க வீட்டுலதான் இருக்குன்னு சொல்லிட்டியா?”

“நீங்க இன்னைக்கு ஊருக்குப் போக வேணாம்ணே.”

“வீட்டுல புள்ளைங்க மட்டுந்தாண்டா இருக்கு.”