காலியாக விட்ட கேள்வி

மலாக்காவிலிருந்து சுங்கை ஊடாங் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு ஆசிரியைகள். மூத்தவர் சொன்ன ஒரு வாக்கியம்தான் என்னைக் காதுகொடுக்க வைத்தது.

“அந்தப் பிள்ளையோட பதில நான்தான் போட்டேன்.”

“எதுல டீச்சர்?”

“பிள்ளைங்க மனசு எப்படி இருக்குன்னு மார்க் போட்டுப் பாக்குறாங்கள்ல, அந்தக் கேள்வித்தாள்ல. மூணாம் பாரத்துப் பிள்ளைங்களோடத முழுக்க நான்தான் கம்ப்யூட்டர்ல ஏத்தினேன். மனசுவிட்டுப் பேச யாராவது இருக்காங்களான்னு ஒரு கேள்வி. அத மட்டும் அவ காலியா விட்டுட்டா. காலியா இருந்தா சிஸ்டம் எடுக்காதுலா. அன்னிக்குத்தான் கடைசி நாள். இருக்காங்கன்னு தட்டிட்டேன்.”

“இப்ப என்ன ஆச்சு?”

“ரெண்டு வாரமா ஸ்கூலுக்கு வரல. வீட்டுக்குப் போனேன். ரூம விட்டே வெளிய வரமாட்டேங்கிறா. அம்மாகிட்டகூட பேச்சு இல்லையாம்.”

புக்கிட் ரம்பாயில் நான் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. ஃபேக்டரிகளைத் தாண்டியதும் இளையவர் கேட்டார்.

“டீச்சர், யார நெனச்சு ‘இருக்காங்க’ன்னு போட்டீங்க?”

“என்னையத்தான். பாடத்தத் தவிர அவகிட்ட நான் ஒரு வார்த்த பேசினதில்லம்மா.”